தெரியாத கைகள்

நன்றிக்கு மேடை வேண்டுவதில்லை. கனிந்த உள்ளம் ஒன்றே போதும்.

1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டுமே புலப்படும் நாயகனின் கதை அது. இங்கிலாந்தில் 1962இல் தோன்றிய அக்கதைக்கு ஓவியம் தீட்டியவர் ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் ஹெசூஸ் பிளாஸ்கோ.

ஐந்தாம் வகுப்போடு துணிக்கடைப் பணிக்குச் சென்ற என் நண்பர், தங்குதடையின்றித் தமிழ் படிக்கப் பழகியது அவ்விதழ்களால்தான். 2013இல் அவருடன் சென்னைப் புத்தகக் காட்சிக்குச் சென்றிருந்தேன். அங்கே நூல்களை அடுக்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், இளமையில் அவ்விதழ்களை மடித்துக் கட்டியவர் தாமே என்றார். கேட்ட மாத்திரத்தில் நண்பர், தம் மகளுக்கெனத் திருவல்லிக்கேணியில் வாங்கிய அத்தர்ச் சிமிழை அவர் கையில் வைத்து, “எனக்குத் தமிழ் தந்த கை ஐயா இது” என்றார். முதியவர் ஒன்றும் பேசவில்லை. சிமிழைத் திறந்து முகர்ந்தார்.

மாயாவிக்குக் கையாவது தெரிந்தது. அவனை நம்மிடம் சேர்த்த கைகளோ எவர் கண்ணிலும் பட்டதில்லை. மனிதர்க்கு நன்றி பாராட்டுவதும் இறைவனுக்கு நன்றி செலுத்துவதன் பகுதியே என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்திய நெறியன்றோ!

மாணவச் செல்வங்களே, சித்திரக்கதையை எளிதென இகழாதீர். ஏழைச் சிறுவன் ஒருவனுக்கு அதுவே முதல் தமிழாசானாக இருந்திருக்கக்கூடும்.