குழாய் போன வயலும் கூலிக்குப் போன சனமும்

காவிரிப் படுகையில் எண்ணெய் எடுப்பதைப் பற்றிப் பேசாத கட்சி இல்லை. மேடையிலும் துண்டறிக்கையிலும் சட்டசபையிலும் ‘விவசாயி’ என்று ஒரு சொல் வருகிறது. அந்தச் சொல்லுக்குள்ள எங்க சின்னம்மா இருக்கிறாளா என்பதுதான் என் கேள்வி. நாற்பது வருசம் நட்டவள், களை பறித்தவள், அறுத்தவள். அவள் பேரில் ஒரு குழி நிலம் கிடையாது.

மண்ணுக்கடியில் இருக்கிற எண்ணெய் விசயத்தில் முடிவெடுப்பது டெல்லி. அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 53ஆவதாக அது இருக்கிறது. இயற்கை எரிவாயுவும் அதில் அடக்கம் என்று 2004ல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. தரையில் எடுப்பதற்கு ராயல்டி மாநிலத்துக்கு வரும். குழாய் பதிக்க 1962ல் போட்ட தனிச்சட்டம் இருக்கிறது. நிலம் மிராசுதாரிடமே இருக்கும், ‘பயன்பாட்டு உரிமை’ மட்டும் கைமாறும். குழாய் போன இடத்தில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. பதிலுக்குப் பயிர்ச் சேதத்துக்கு ஈடும், நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதமும் உண்டு.

எங்க ஊரில் 2011 வைகாசியில் குழாய்க்கு வாய் வெட்டினார்கள். மிசின் தோண்டி மூடினபோது மேல்மண் கீழே போய் அடிமண் மேலே வந்திருந்தது. அந்த வருசம் அந்தப் பத்து மாவிலும் குறுவை இல்லை. சம்பா அரைகுறையா நட்டு, தண்ணி ஒரு பக்கம் நின்னு ஒரு பக்கம் காய்ஞ்சது. நிலத்துக்காரர் நஷ்டஈடு வாங்கினார், நான் அதைக் குறை சொல்லவில்லை. அந்தப் பத்து மாவில் நடவுக்குப் போகிற எங்க தெருப் பொம்பளைங்க பதினாலு பேர். நடவுக்கூலி போச்சு, களைக்கூலி போச்சு, அறுப்பு போச்சு, தையில் தெளிக்கிற உளுந்து போச்சு. கூலி மட்டுமா? வரப்புக் கீரை, வாய்க்கால் நண்டு, நத்தை, ஆட்டுக்கு நாலு கைப்பிடி புல்லு. இதையெல்லாம் எந்தத் தாசில்தார் எந்தக் கணக்கில் எழுதுவார்?

பணம் கொடுக்கிற அன்னிக்கு சின்னம்மாவும் போய் நின்னா.

“ஐயா, அந்த வயல்ல வருசா வருசம் நடுறது நாங்கதான். எங்களுக்கு?”

“உன் பேர்ல பட்டா இருக்கா?”

“வீட்டு மனைக்கு இருக்குங்கய்யா.”

அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த மனைப்பட்டாவும் சும்மா வந்ததில்லை. மிராசுதார் இடத்தில் குடிசை போட்டிருந்த கூலிக்காரர்களுக்கு மனையைச் சொந்தமாக்கிய 1971ஆம் வருசச் சட்டத்தால் வந்தது. அதுக்கு மூணு வருசம் முன்னால, 1968 டிசம்பர் 25ல், கூலி கூடக் கேட்ட வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்திருந்தார்கள். இந்தத் தஞ்சாவூர்ச் சீமையை ‘நெற்களஞ்சியம்’ என்று யாராவது உருகும்போது எனக்கு அந்தக் குடிசைதான் ஞாபகத்துக்கு வரும்.

கூலிக்காரரைச் சட்டம் அடியோடு மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2013ல் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டம், மூணு வருசமாக அந்தப் பகுதியில் உழைத்துப் பிழைக்கிற விவசாயக் கூலியையும் குத்தகைக்காரரையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று எழுதியது. எழுதின கையோடு, குழாய்ச் சட்டத்தை நாலாவது அட்டவணையில் தனியாக ஒதுக்கியும் வைத்தது. 2015ல் ஓர் உத்தரவு போட்டு நஷ்டஈடு, மறுவாழ்வுப் பகுதிகளை அந்த அட்டவணைச் சட்டங்களுக்கும் நீட்டினார்கள். நிலத்தை எடுக்கவில்லை, பயன்பாட்டு உரிமையைத்தானே எடுக்கிறோம் என்று அதிகாரி சொன்னால் சின்னம்மா எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்?

போராட்டத்தை நான் இளப்பமாகப் பேசவில்லை. 2010ல் மன்னார்குடி வட்டாரத்தில் மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போட்டார்கள். அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தபோதே 2013 டிசம்பரில் நம்மாழ்வார் இறந்துபோனார். 2017ல் நெடுவாசல், அதே வருசம் கதிராமங்கலம். எண்ணெய்க் குழாய் கசிந்து, கேட்கப் போன சனங்களைப் போலீஸ் அடித்தது. இதிலெல்லாம் எங்க சனங்களும் வெயிலில் உட்கார்ந்தார்கள். 2020ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது, புதிதாக எண்ணெய்க் கிணறு போடத் தடை. நல்லது. ஆனால் ஏற்கனவே நடப்பவற்றை அது தொடவில்லை, குழாய் போன்ற கட்டமைப்புகளுக்கும் விலக்கு இருக்கிறது. இத்தனையும் சேர்ந்து காப்பாற்றுகிற நிலம் யார் கையில் இருக்கிறது என்ற பேச்சு மட்டும் எங்கேயும் எழவில்லை.

“கிணறும் வேண்டாங்கிறீங்க, அதுல வேலையும் கேக்கிறீங்களே” என்று ஒரு தோழர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். 1956ன் தொழிற்கொள்கை எண்ணெயை அரசாங்கத்துக்கென்று ஒதுக்கியபோது, அந்த வேலைகளில் இடஒதுக்கீடு வருவதற்கும் வழி இருந்தது. படித்த பையன் ஒருத்தனாவது உள்ளே போக முடிந்தது. 1999ல் ஏலத்துக்கு வந்த புதிய உரிமக் கொள்கை, தனியாரையும் வெளிநாட்டுக் கம்பெனிகளையும் அரசு நிறுவனத்துக்குச் சமமாக நிறுத்தியது. 2016ன் ‘ஹெல்ப்’ கொள்கை எண்ணெய், வாயு, மீத்தேன், ஷேல் எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம் என்றது, விலை வைக்கும் சுதந்திரத்தையும் கொடுத்தது. அதன்படி 2018ல் நடந்த முதல் சுற்றில் 55 வட்டாரங்களில் 41 வேதாந்தாவுக்குப் போனது. தனியார் கம்பெனிக்கு இடஒதுக்கீடு கிடையாது. கொள்கை மாறும்போது பங்குச்சந்தைக்காரரைக் கேட்கிறார்கள், சேரியைக் கேட்பதில்லை. எங்க தெருப் பையன்களுக்குக் கிடைத்தது காண்ட்ராக்டரிடம் பள்ளம் தோண்டுகிற தினக்கூலியும், இரவுக் காவலும். நட்டு வைத்த வயலை அவங்க அம்மா கண்ணு முன்னாலயே தோண்டினான் ஒருத்தன், அந்தக் கூலிக்கு.

2017 ஆடியில் எங்க பக்கத்துக் கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டு போனோம். குழாயோ கிணறோ ஆலையோ எது வந்தாலும், அந்த வயலில் வேலை செய்கிறவர்கள் பேரை முதலில் கணக்கெடுக்க வேண்டும், இழந்த கூலிநாளுக்கு ஈடு வேண்டும் என்று ரெண்டே வரி. கூட்டத்தில் ஒருத்தர், “இப்ப சாதியை நடுவுல கொண்டாராதீங்க தம்பி” என்றார். கடைசித் தீர்மானமாக வாசித்தார்கள். மறுவாரம் சின்னம்மா பதினாலு பேர் பேரையும் சொல்லச் சொல்ல, அதையே மனுவாக எழுதித் தாலுக்கா ஆபீசில் கொடுத்தேன். நம்பர் போட்டு ரசீது கொடுத்தார்கள். அந்தப் பதினாலு பேரில் மூணு பேர் இப்போது உயிரோடு இல்லை.