அதே குழி

சில ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளிக்காகப் பசறைக்கு அருகே தோட்டமொன்றில் வாழும் என் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தேன். பதுளையோடு புகையிரதப் பாதை முடிந்துவிடும், அதற்கப்பால் பஸ்தான். கட்டாரில் வேலை செய்யும் மருமகனும் விடுமுறையில் வந்திருந்தான். தன் மகனுக்கு 'நின்டெண்டோ சுவிட்ச்' என்ற விளையாட்டுக் கருவியை வாங்கி வந்திருந்தான்.

அதிலிருந்து எழுந்த இசை எனக்குப் பழக்கமானது. 1990களில், லயத்துக்கு மின்சாரம் வந்த புதிதில், என் மைத்துனர் தீபாவளி அட்வான்சில் மிச்சம் பிடித்துப் பதுளைக் கடைவீதியில் ஒரு 'டிவி கேம்' வாங்கினார். 1983இல் ஜப்பானில் வெளியான 'ஃபேமிகாம்' கருவியின் மலிவு நகல் அது. பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் முறைவைத்து ஆடுவார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்ததும் மைத்துனரும் அவர்களோடு அமர்ந்துவிடுவார். ஒரு மழைக்காலத்தில் கூரைத் தகரம் ஒழுகிக் கருவி கெட்டது. மைத்துனரும் இப்போது இல்லை.

மருமகன் தன் மகனுக்கு இரண்டு 'சூப்பர் மாரியோ'க்களைக் காட்டினான். ஒன்று 1985இல் வெளியான மூலம். மற்றது அதையே மீண்டும் வரைந்து 1993இல் வெளியிட்ட வடிவம். பையனுக்கு வர்ணம் நிறைந்த புதியதே பிடித்தது. மருமகனோ பழையதைத் திறந்து, சிறிது தூரம் ஓடி, நின்றுவிட்டான்.

"மாமா, அப்பா எப்பவும் இந்தக் குழியிலதான் விழுவாரு."

குழி அதே இடத்தில் இருந்தது.

பழைய விளையாட்டுகளைப் புதுப்பித்து விற்பது, பழைய கள்ளைப் புதிய மொந்தையில் ஊற்றும் வியாபாரம் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அன்று அந்த எண்ணம் மாறியது. புதிய வடிவம் இல்லையேல் பையன் அருகில் வந்திருக்க மாட்டான். மூலம் இல்லையேல் மருமகனுக்குத் தகப்பனின் நினைவு வந்திருக்காது.

ஆகவே, புதுப்பிப்பவர்கள் மூலத்தை மறைத்துவிடக் கூடாது. 2021இல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வரிசையின் மூன்று பழைய ஆட்டங்களைப் புதுப்பித்தபோது, மூலங்கள் இணைய விற்பனையிலிருந்து அகற்றப்பட்டன. புதியவை குறைகளோடு வந்தன; எதிர்ப்பு எழுந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டுக் கணினிக்கான மூலங்களை மீண்டும் விற்பனைக்கு வைத்தது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு விற்பனையில் இல்லை என்று 2023இல் ஓர் ஆய்வு கண்டறிந்தது. அவற்றிலும் எத்தனை தகப்பன்மார் விழுந்த குழிகள் இருந்தனவோ, அன்பர்களே!

அன்றிரவு பையனும் பழைய ஆட்டத்தைக் கேட்டு வாங்கி ஆடினான். அதே குழியில் விழுந்தான். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த தங்கை சிரித்தாள்.