நல்லூர்: நகருக்குள் ஒரு பழைய நகர்

கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று நம்மவர் சொல்வார்கள். அந்தப் பழமொழி எனக்கே பொருந்தும் என்பதை என் பெறாமகள் ஒரு கேள்வியாலே காட்டித் தந்தாள்.

அவள் என் அக்காவின் மகள். சீனாவிலே மருத்துவம் படித்து முடித்து, 2025ஆம் ஆண்டு ஆவணி மாதம் விடுமுறைக்கு மருதனார்மடத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். இரவுச் சாப்பாடு முடிந்து முற்றத்திலே காற்றாட இருந்தபோது, தான் பார்த்த இடங்களைப் பற்றி அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். யுனான் மாகாணத்திலே லிஜியாங் என்றொரு நகரம். பெருந்தெருக்களும் மாடிக் கட்டடங்களும் நிறைந்த புதிய நகரத்தின் நடுவிலே, நூற்றாண்டுகள் பழைமையான ஒரு நகரம் அப்படியே இருக்கிறதாம். மர வீடுகள், கல் பதித்த ஒழுங்கைகள், ஒழுங்கைக்கு ஒழுங்கை ஓடுகின்ற வாய்க்கால்கள்.

"அம்மம்மா, அங்கை மூண்டு குழிக் கிணறு இருக்கு. ஊற்று வாற முதல் குழியிலை குடிக்க மட்டும் அள்ளுவினம். அதிலையிருந்து வழியிற தண்ணி ரெண்டாவது குழிக்கு வரும், அதிலை மரக்கறி கழுவுவினம். மூண்டாவதிலைதான் உடுப்புத் தோய்க்கிறது."

அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "அதைக் கட்டினவன் பொம்பிளையளைக் கேட்டுத்தான் கட்டியிருப்பான்" என்று சிரித்தார்.

1996ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அந்தப் பகுதியைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. பழைய முறையிலே மரச்சட்டம் கோத்துக் கட்டிய வீடுகள் பல தாக்குப்பிடித்து நின்றன. மறு வருடம், 1997இல், யுனெஸ்கோ நிறுவனம் அந்தப் பழைய நகரை உலக மரபுரிமையாக அறிவித்தது. இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்து, "சின்னம்மா, யாழ்ப்பாணத்துக்குள்ளையும் பழைய இராசதானி ஒண்டு இருக்குத்தானே? நீங்கள் பார்த்திருப்பியள், என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலிருந்து நல்லூர் பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. ஐம்பது வயதுக்குள் எத்தனையோ தடவை கந்தனைக் கும்பிடப் போயிருக்கிறேன். ஆனால் கோயில் வாசலில் இறங்கி, கோயில் வாசலிலேயே பஸ் ஏறி வந்தவள் நான். மந்திரிமனையைப் பஸ் யன்னலாலே பார்த்ததோடு சரி.

அந்த நாட்களில் எங்கள் வீட்டிலே வேறொரு பேச்சும் நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீடு தாத்தா கட்டிய நாற்சார் வீடு. நடுவிலே முற்றம், சுற்றிவர விறாந்தை, மரத்தூண்கள், பனஞ்சிலாகை அடித்த ஓட்டுக் கூரை. வெளிநாட்டிலிருக்கும் அண்ணா, "அதை இடிச்சுப்போட்டு மேல்மாடியோடை புதுசாக் கட்டுவம், காசு நான் அனுப்பிறன்" என்று கிழமைக்கு ஒரு தடவை தொலைபேசியிலே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. தெற்குப் பக்கத்துக் கூரை ஒழுகியது. எண்பதை நெருங்கும் அம்மாவுக்குக் கிணற்றடிக்குப் போய்க் குளிப்பது கஷ்டமாகிவிட்டது. அம்மா மட்டும் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

திருவிழா முடிந்து, சனம் குறைந்த ஒரு நாட் காலையில் மூவரும் ஓட்டோ பிடித்துப் புறப்பட்டோம். உரும்பிராய்ச் சந்தியால் திரும்பி, பலாலி வீதி வழியே கோண்டாவில், திருநெல்வேலி கடந்து நல்லூருக்குப் போனோம்.

முதலிலே கந்தசுவாமி கோயில். ஒரு ரூபாய்க்கு அருச்சனைச் சீட்டு வாங்கி அம்மா பேரப்பிள்ளையின் பெயருக்கு அருச்சனை செய்வித்தார். வெளியே வந்து வீதியோரம் இருந்தபோது எனக்கு 1987ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் நினைவுக்கு வந்தது. இந்திய இராணுவத்தின் படை நடவடிக்கை தொடங்கிய நாட்களில் ஆயிரக்கணக்கான சனங்கள் இந்தக் கோயிலிலேதான் வந்து அடைக்கலம் புகுந்தார்கள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு பாயிலே நாங்கள் ஐந்து பேர். அம்மா ஒரு சருவச்சட்டியும் வீட்டுத் திறப்பும் மட்டும் கொண்டுவந்திருந்தார். அந்தத் திறப்பை இரவிலே சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு படுப்பார். இதை நான் சொல்லத்தான் பெறாமகளுக்குத் தெரிந்தது.

நாம் இன்று கும்பிடுகின்ற இந்தக் கோயில் அரசர் காலத்துக் கோயில் அன்று. நல்லூர், ஆரியச்சக்கரவர்த்திகளின் தலைநகராக இருந்தது. 1450இல் கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் படைத்தலைவனான செண்பகப்பெருமாள் அதைக் கைப்பற்றினான். சிங்களத்திலே அவனைச் சப்புமல் குமாரயா என்பார்கள். 1467 அளவில் கனகசூரிய சிங்கையாரியன் அரசை மீட்டான். இன்றும் கோயிலிலே கட்டியம் கூறும்போது புவனேகபாகு என்ற பெயர் வருகிறது. அது செண்பகப்பெருமாள் பின்னர் பூண்ட பட்டப்பெயர் என்று சொல்வார்கள். 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தனர். கடைசி அரசன் சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621இல் தளபதி ஒலிவேறா பழைய கோயிலை இடிப்பித்தான். ஆட்சிபீடமும் நல்லூரிலிருந்து கடலோரக் கோட்டைக்கு மாறியது. இன்றைய யாழ்ப்பாண நகரம் அந்தக் கோட்டையைச் சுற்றி வளர்ந்ததுதான். இப்போதுள்ள கோயில், ஒல்லாந்தர் ஆட்சியிலே 1734 அளவில் இரகுநாத மாப்பாண முதலியாரின் முயற்சியால் குருக்கள் வளவு என்ற இடத்தில் எழுந்தது.

கோயிலிலிருந்து பருத்தித்துறை வீதியாலே சிறிது தூரம் போனால் முத்திரைச்சந்தி. அந்தச் சந்தியிலே சங்கிலியன் குதிரைமேல் வாளேந்தி நிற்கிறான். 1974இல் வைத்த சிலை, 2011இல் புதுப்பிக்கப்பட்டது. பக்கத்திலே புனித யாக்கோபு தேவாலயம். பழைய கந்தசுவாமி கோயில் இந்தச் சுற்றாடலிலேதான் இருந்தது என்பது ஆய்வாளர் கருத்து.

"நகரத்துக்கு மதில் இருக்கேல்லையோ?" என்று பெறாமகள் கேட்டாள். மதில் இன்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எல்லைக்குக் காவல் தெய்வங்கள் இருக்கின்றன. கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளி அம்மன், தெற்கே கைலாயநாதர், வடக்கே சட்டநாதர். இந்த நான்கு கோயில்களையும் மனதிலே கோடு போட்டு இணைத்துப் பார்த்தால் பழைய தலைநகர் எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். பண்டாரக்குளம், சங்கிலித்தோப்பு என்ற பெயர்களும் அந்த நகரின் மிச்சங்களே. கட்டடம் போனாலும் பெயரைச் சனங்கள் விடவில்லை.

சங்கிலித்தோப்பு வாசலிலே ஒரு வளைவு மட்டும் நிற்கிறது. வாசல் இருக்கிறது, உள்ளே மாளிகை இல்லை. இந்த வளைவும் ஒல்லாந்தர் காலத்ததாக இருக்கலாம் என்று கூறுவோர் உண்டு. வளைவின் கீழ் நின்று படம் எடுத்துவிட்டு மந்திரிமனைக்குப் போனோம்.

மந்திரிமனை, அரசனின் மந்திரி இருந்த மனை என்பது ஊர் வழக்கு. ஆனால் இப்போது நாம் காணும் கட்டடத்தின் அமைப்பிலே ஐரோப்பியர் காலத்துச் சாயல் தெளிவாகத் தெரிகிறது. வளைவுகளும் தடித்த சுவர்களும் அவர்கள் பாணி. செதுக்கு வேலைப்பாடுள்ள மரத்தூண்கள் நம்மவர் கைவண்ணம். சுவர்களிலே வெடிப்புகள், உரிந்த சாந்து. உள்ளே போகப் பயந்து வெளியிலேயே நின்றோம். அம்மா மட்டும் நெடுநேரம் தூண்களைப் பார்த்தார்.

"எங்கடை விறாந்தைத் தூணைப்போலை இருக்கு" என்றார்.

சங்கிலித்தோப்புக்கு அணித்தாக யமுனா ஏரி. ஏரி என்று பெயர் பெற்றாலும் அது ஒரு கேணி. 'ப' என்ற எழுத்தின் வடிவிலே கல்லால் கட்டியிருக்கிறார்கள். யமுனை நதியின் நீரைக் கொண்டுவந்து ஊற்றியதால் இந்தப் பெயர் என்பது மரபு. அரச குலப் பெண்கள் நீராடிய இடம் என்றும் ஊரிலே சொல்வார்கள். அம்மா படிக்கட்டின் மேல் விளிம்பிலே இருந்துகொண்டு, "இராசாத்தியளுக்கும் குளிக்கப் படியிறங்கத்தான் வேண்டியிருந்திருக்கு" என்றார். மூவரும் சிரித்தோம். ஆனால் அதற்குள்ளே அவருடைய முழங்கால் நோவும் இருந்தது.

அப்போதுதான் பெறாமகள் லிஜியாங்கின் மறுபக்கத்தையும் சொன்னாள். பெயர் பெற்ற பிறகு உல்லாசப் பயணிகள் குவிந்தார்கள். அங்கே தலைமுறையாக வாழ்ந்த நாசி இன மக்கள் பலர் தங்கள் வீடுகளைக் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் வாடகைக்கு விட்டுவிட்டுப் புதிய நகரத்துக்குக் குடிபோய்விட்டார்கள். "வீடெல்லாம் வடிவா இருக்கு சின்னம்மா. ஆனா சமையல் மணக்கிற வீடு குறைவு."

நான் யோசித்தேன். அங்கே வீடுகள் நிற்கின்றன, வீட்டுக்காரர் போய்விட்டார்கள். இங்கே சனங்கள் இருக்கிறோம். கோயிலும் திருவிழாவும் பெயர்களும் இருக்கின்றன. கட்டடங்கள்தான் ஒவ்வொன்றாகப் போகின்றன. நமது நாட்டிலேயே காலிக் கோட்டையும் பழைய நகரும் 1988இல் உலக மரபுரிமையாகின. அங்கே கோட்டைக்குள்ளே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆகவே பழையதையும் காத்து, அதிலே வாழவும் முடியாது என்றில்லை.

பெறாமகள் திரும்பிப் போய்ச் சில நாட்களில், செப்டெம்பர் நடுப்பகுதியிலே பெய்த மழையில் மந்திரிமனையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது என்ற செய்தி வந்தது. நான் பத்திரிகையை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுப் படத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய், எங்கள் வீட்டுத் தெற்கு விறாந்தையிலே ஒழுக்குக்கு வைத்திருந்த வாளியைப் பார்த்துவிட்டு வந்தார்.

"கொண்ணனுக்குப் போன் எடு" என்றார்.

அன்று அண்ணாவிடம் அம்மா சொன்னதை நான் பக்கத்திலே நின்று கேட்டேன். "வீட்டை இடிக்கவேண்டாம் மோனை. நீ அனுப்பிற காசிலை முதல் ஓட்டை மாத்துவம். எனக்கு அறையோடை ஒரு குளியலறை கட்டித் தா. நான் போனாப் பிறகு நீங்கள் யோசியுங்கோ. நான் அந்த நாளிலை திறப்பை முடிஞ்சுகொண்டு திரிஞ்சது இந்த வீட்டுக்குத் திரும்பி வரத்தான்." மறுமுனையிலே அண்ணா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சரி அம்மா" என்றார்.

பழைய வேலை தெரிந்த மேசன் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவர் சொல்லிய சில விடயங்கள் பழைய வீடு வைத்திருக்கும் சகோதரிகளுக்குப் பயன்படும். பழைய வீட்டின் முதல் எதிரி தண்ணீர். உடைந்த ஓடு ஒன்றை மாரிக்கு முன் மாற்றாவிட்டால் சிலாகை உளுக்கும். பிறகு வளை, பிறகு சுவர். பீலியிலே சருகு அடைத்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். சுவர் வெடிப்பிலே முளைக்கும் ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் சிறிதாக இருக்கும்போதே வேரோடு அகற்றவேண்டும். சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்குச் சீமெந்து பூசக்கூடாது. ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று சுவரைக் கெடுக்கும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான்.

மாரி தொடங்குமுன் தெற்குக் கூரை முடிந்துவிட்டது. முதல் மழை பெய்த இரவு அம்மா விறாந்தையிலே கதிரையைப் போட்டு இருந்து கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாளியிலே ஒரு சொட்டும் விழவில்லை. "சரி, படுப்பம்" என்று எழுந்தார்.

சகோதரிகளே, அடுத்த முறை நல்லூருக்குப் போகும்போது கும்பிட்டுவிட்டு உடனே பஸ் ஏறிவிடாதீர்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அரை நாள் ஒதுக்குங்கள். முத்திரைச்சந்தி, சங்கிலித்தோப்பு வாயில், மந்திரிமனை, யமுனா ஏரி ஆகிய நான்கும் நடக்கக்கூடிய தூரத்திலேயே இருக்கின்றன. மந்திரிமனையை வீதியில் நின்றே பாருங்கள். வீட்டிலே மூத்தவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். கல்வெட்டிலே இல்லாத சங்கதிகள் அவர்கள் வாயிலேதான் இருக்கின்றன. மந்திரிமனை விழுந்ததற்கு யாரையும் குறை சொல்வது எளிது. நம் வீட்டுக் கூரையை நாம் ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது.