மழைக்கு முன்னே வடாம்

2024 டிசம்பர் முதல் தேதி. முதல் நாள் இரவுதான் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்திருந்தது. திருவண்ணாமலையில் விடாத அடைமழை. அன்று மாலை மலையிலிருந்து மண் சரிந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டையே மூடிவிட்டது. ஏழு உயிர்கள், அதில் ஐந்து குழந்தைகள். ஊரே அழுதது.

அந்தத் துக்கத்தில் பரீட்சையைப் பற்றிப் பேசவே கூச்சமாயிருந்தது. ஆனால் என் பெண்ணுக்கு அந்த வாரம் கல்லூரிப் பரீட்சை. "எப்போதம்மா நடக்கும்?" என்றாள். டெலிபோன் செய்தால் எடுப்பாரில்லை. ஒரு தோழி ஒரு தேதி சொன்னாள். இன்னொருத்தி வேறு தேதி சொன்னாள். பெண்ணுக்கு மூன்று ராத்திரி தூக்கமில்லை.

டிசம்பர் 13, கார்த்திகை தீபம். மலையேறப் பக்தர்களுக்குத் தடை. குறிப்பிட்ட ஆட்கள் மட்டும் கொப்பரையையும் நெய்யையும் சுமந்து சென்றார்கள். மாலையில் தீபம் எரிந்தது!

மொட்டைமாடியில் நின்று கும்பிட்டபோது பெண்ணிடம் சொன்னேன்: "யார் ஏறுவது, யார் ஏறக்கூடாது என்று முன்னாலேயே முடிவு செய்ததால்தானே விளக்கு எரிகிறது? கல்லூரிக்கும் அப்படித்தானடி. வெள்ளம் வந்தால் செய்தி சொல்வது யார், பரீட்சைக்கு மாற்று இடம் எது, மார்க்குப் பதிவேடுகளின் நகல் எந்த ஊரில் இருக்கும்? இதையெல்லாம் வெயில் காலத்திலேயே எழுதி வைக்க வேண்டாமா? 2015-ல் சென்னை வெள்ளத்தில் சர்டிபிகேட்டைப் பறிகொடுத்தவர்கள், நகலுக்காக முகாம் முகாமாய் நின்றார்களே!"

"உன்னைத் துணைவேந்தராக்க வேண்டும், அம்மா!" என்று சிரித்தாள்.

"நான் எதற்கு? மழைக்காலத்துக்குக் கோடையிலேயே வடாம் பிழிந்து வைக்கும் எந்தப் பெண்பிள்ளையைக் கேட்டாலும் சொல்வாளே!" என்றேன்.