தூர்க்கரி

பெங்களூரு சிவாஜிநகரில், ரஸல் மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சந்து. இரவு எட்டரை மணி இருக்கும். நீளமான இரும்புத் தொட்டியில் தணல் மங்கிக்கொண்டிருந்தது. கடைப் பையன் ஒரு சாக்கை இழுத்துவந்து, வாயைப் பிரித்து, கரியைத் தொட்டிக்குள் சரித்தான். துண்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கணகணவென்று சத்தம் எழுப்பின. பக்குவமாக வெந்த கரிதான் அப்படிப் பேசும். அரைவேக்காட்டுக் கரி தொப்பென்று விழும். சிதறிய துண்டு ஒன்றைக் குனிந்து எடுத்தேன். நல்ல கனம். ஒரு பக்கத்தில் வேர் முறுகித் திரும்பிய தடம்.

"தூர்க்கரி" என்றேன்.

கறி கோத்த கம்பிகளைத் திருப்பிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்த ஊருங்க நீங்க?" என்று தமிழிலேயே கேட்டார். புதுக்கோட்டை மாவட்டம் என்றேன். "அப்ப இது உங்க பக்கத்துச் சரக்குதான். ராமநாதபுரம், சிவகங்கை, உங்க ஊருன்னு லாரியில வருது" என்று சொல்லிவிட்டு விசிறியைக் கையில் எடுத்தார்.

மகனுக்கு அந்த ஊரில் வேலை கிடைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். பெங்களூரு எனக்கு அதுதான் முதல் தடவை. "கோயில் குளமெல்லாம் நம்ம ஊர்லயே இருக்குப்பா. இங்க சாப்பாட்டைப் பாருங்க" என்று நாளுக்கு ஒரு கடையாக அழைத்துப் போனான். முதல் நாள் போன இடத்தில் மேசைக்கு நடுவிலேயே தணல் பெட்டியைப் பதித்திருந்தார்கள். கோழியும் இறாலும் அன்னாசித் துண்டும் கம்பியில் கோத்து வந்துகொண்டே இருந்தன. மேசையில் ஒரு சின்னக் கொடி. அது நிற்கும்வரை பரிமாறுவார்கள். போதுமென்றால் நாம் சாய்த்துவிட வேண்டும். இரண்டாம் நாள் பிரேசர் டவுன் மசூதிச் சாலையில் அல்ஃபாம் கோழி. கோழியை இரண்டாக விரித்து, கம்பி வலைக்குள் இறுக்கி, தணலில் வாட்டிக் கொடுத்தார்கள். இரண்டு இடத்திலும் ருசிக்குக் குறைவில்லை. மூன்றாம் நாள்தான் இந்தச் சந்து. அந்தச் சாக்கு என்னை ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே, ஒரு கண்மாய்க்கரைக்குக் கொண்டுபோய்விட்டது.

அது 1974. அந்தப் பொங்கலன்று, ஜனவரி 14-ஆம் தேதி, புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது. அதுவரை எங்கள் அறந்தாங்கி வட்டம் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. ஊரெல்லாம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அய்யா கரிமூட்டத்துக்குக் காவல் இருந்தார். எனக்கு ஒன்பது வயது. தூக்குவாளியில் சோறு கொண்டுபோவது என் வேலை.

மூட்டம் போடும் மரத்தை எங்கள் பக்கத்தில் சீமைக்கருவை என்போம். மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்து மரம். 1877-இல் இந்தியாவுக்கு வந்ததாகச் சொல்கிறார்கள். மழை பொய்த்த காட்டில் நெல் கருகும், இது கருகாது. வெட்டிய விறகைத் துண்டு போட்டு, பெருங்கட்டை உள்ளேயும் சிறுகட்டை வெளியேயுமாக அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, ஈரமண்ணைக் குழைத்துப் பூசுவார்கள். புகை போக அங்கங்கே கண் விட்டு, தீ வைப்பார்கள். தீ எரியக் கூடாது. உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் கனிய வேண்டும். முதலில் புகை வெள்ளைவெளேரென்று சோற்று ஆவி மாதிரி கிளம்பும். போகப்போக மெலிந்து நீலம் பாயும். நீலம் கண்டதும் கண்களை அடைத்து ஆறப் போடுவார்கள். நடுவில் ஓரிடத்தில் மண் விரிசல் விட்டுக் காற்று புகுந்தாலும் போச்சு, மூட்டம் முழுக்கச் சாம்பல்தான். நாலைந்து டன் விறகு வெந்தால் ஒரு டன் கரி. அதனால்தான் அய்யா ராத்திரியில் உறங்கமாட்டார். மண்வெட்டியும் குடத்தில் தண்ணீருமாக மூட்டத்தைச் சுற்றிச்சுற்றி வருவார்.

பிரித்த கரியைத் தரம் பார்த்துக் குவிப்பார்கள். கிளையில் வந்தது குச்சிக்கரி, அடிமரத்து வேர்முண்டில் வந்தது தூர்க்கரி. தூர்க்கரிக்கு விலை அதிகம். மெதுவாகப் பிடிக்கும், பிடித்தால் லேசில் அணையாது. அய்யா கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே இரண்டையும் பிரிப்பார். எனக்கும் அப்படித்தான் பழக்கினார்.

அந்த மூட்டங்காவல் ராத்திரிகளில்தான் நான் தீயில் சுட்டுத் தின்னக் கற்றுக்கொண்டேன். பூசிய மண் சூடேறியதும் சீனிக்கிழங்கை அதில் புதைத்துவிட்டால் விடியும்போது தோல் சுருங்கி வெந்திருக்கும். மூட்டம் பிரிக்கும் நாளில் ஓரத்துத் தணலில் கருவாடு வாட்டுவோம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையிலிருந்து கூடைக்காரம்மாக்கள் கொண்டுவரும் கருவாடு. தணலில் போட்டதும் உப்பு பொரிந்து தெறிக்கும். தட்டிச் சாம்பலை உதிர்த்து, நீராகாரத்தில் கிடந்த பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால், அதற்கு மேல் ஒரு கறியும் தேடாது.

கோடையில் கண்மாய் வற்றும்போது மீன். மாவட்டம் முழுக்க இன்றும் மீன்பிடித் திருவிழா உண்டு. சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் ஊத்தாவும் கச்சாவும் தூரியுமாகக் கரையில் வந்து நிற்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை எடுத்து வீசுவார். அவ்வளவுதான், இன்னார் இனியார் என்றில்லாமல் அத்தனை பேரும் தண்ணீருக்குள் இறங்குவார்கள். முதல் நாள் பெங்களூரு மேசையில் அந்தச் சின்னக் கொடியைப் பார்த்தபோது எனக்கு இந்தத் துண்டுதான் கண்ணுக்குள் வந்தது. அங்கே கொடியைச் சாய்த்தால் என் வயிறு நிறைந்தது என்று அர்த்தம். இங்கே துண்டு வீசினால் எல்லாரும் வாருங்கள் என்று அர்த்தம். பிடித்த குறவையையும் கெளுத்தியையும் வீட்டுக்குக் கொண்டுபோகும்வரை பிள்ளைகளுக்குப் பொறுக்காது. கரையிலேயே சுள்ளி பொறுக்கித் தீ மூட்டி, மேலே களிமண் அப்பிச் சுடுவோம். மண்ணை உடைத்தால் செதிலும் தோலும் அதோடு வந்துவிடும்.

ஆனால் தீயில் சுட்ட பண்டங்களிலெல்லாம் மேலானது சுவரொட்டிதான். ஆட்டின் மண்ணீரல். சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். ஊர் எல்லையில் அய்யனார் கோயில். அய்யனாருக்குச் சைவப் படையல். கிடா, கூட இருக்கும் கருப்பருக்கு. கிடா வெட்டும் நேரத்தில் அய்யனார் சந்நிதிக்குத் திரை போட்டுவிடுவார்கள். ஒரு பெரிய புளியமரம் உண்டு. அதனடியில் கறி வகிரும்போது, உலை கொதிப்பதற்கு முன்பே ஒரு குரல் கேட்கும்.

"சுவரொட்டி யாருக்குப்பா?"

கிடாவுக்கு ஒன்றுதான் இருக்கும். அதனால் அது எவரும் நினைத்து எடுத்துக்கொள்கிற பண்டம் இல்லை. எங்கள் ஊரில் அதற்கு ஒரு முறை இருந்தது. பிள்ளை பெற்று வீட்டோடு இருப்பவளுக்கு முதல் உரிமை. அப்படி யாரும் இல்லையென்றால் ரத்தம் சுண்டி வெளுத்துப்போன பிள்ளைக்கு. அதுவும் இல்லையென்றால் காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு. பூசாரிக்கோ கிடாக்காரருக்கோ அதில் பங்கு கிடையாது. அம்பலக்காரர் வீட்டுப் பிள்ளையானாலும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். உப்புகூடப் போடாமல் தணலில் வைத்தால் சட்டென்று உப்பி, மேலே கருத்து, உள்ளே ஈரல்போல் இளகி நிற்கும். பூவரசு இலையில் வைத்து, ஆறுவதற்குள் ஓடிப்போய்க் கொடுக்க வேண்டும். ஓடுவதற்கென்றே பையன்கள் காத்திருப்போம். என் அக்கா தலைப்பிள்ளை பெற்றிருந்த வருஷம் நான் ஓடினேன். அதே வாரம் மேலத்தெருவில் ஒரு பெண்ணுக்கும் பிள்ளை பிறந்திருந்தது. அய்யா அதை அறுத்து இரண்டு இலையில் வைத்து, "மேலத்தெருவுக்கு முதல்ல போடா, அதான் தூரம்" என்றார்.

பிற்பாடு வகுப்பில் பொருநராற்றுப்படை நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தப் புளியமரத்தடிதான் முன்னால் நிற்கும். கரிகாலன் அரண்மனையில், கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியைச் சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றி மாற்றி ஒற்றித் தின்றதாகப் பொருநன் சொல்கிறான். முடத்தாமக் கண்ணியார் பாடி ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் ஆகியிருக்கும். அரசன் கொடுத்ததும், வழியில் வந்த ஏழைப் பாட்டுக்காரனுக்குத்தான். சிவாஜிநகர்ச் சந்தில் முதல் துண்டை வாயில் போட்டபோது நானும் அப்படித்தான் பக்கம் மாற்றினேன்.

எங்கள் கண்மாய்க்கரைக்கு வடக்கே, ஆவுடையார்கோவிலில் ஆத்மநாதருக்கு லிங்க உருவம் கிடையாது, ஆவுடையார் மட்டும்தான். வடித்த புழுங்கலரிசிச் சோற்றைப் படைகல்லில் கொட்டுவார்கள். மேலே எழும் ஆவிதான் சாமிக்கு நைவேத்தியம். மாணிக்கவாசகர் எழுப்பிய கோயில் என்று ஊரார் கைகூப்புகிற இடம். அய்யா மூட்டத்திலிருந்து ராத்திரி அந்தத் திக்கைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். "அங்கயும் புகைதாண்டா, இங்கயும் புகைதாண்டா" என்பார். அந்தப் புகையே கடைசியில் அவர் நெஞ்சில் இறங்கியது. 1996-இல், ஐப்பசி மழையில், இருமி இருமியே போய்ச் சேர்ந்தார்.

சீமைக்கருவையால் எங்கள் கண்மாய்கள் தூர்ந்ததையும் நான் சொல்லத்தான் வேண்டும். நீர்ப்பிடிப்பை அடைத்து, வரத்துக்கால்களை மறித்து, மற்ற மரத்தை முளைக்கவிடாமல் செய்த மரம் அது. 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது, சரிதான் என்றே நினைத்தேன். ஆனால் எனக்குச் சோறு போட்டதும், பள்ளிக்கூடக் கட்டணம் கட்டியதும் அந்த மரம்தான். அதை வெறுக்க என்னால் முடியவில்லை.

புளியமரமும் இப்போது இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியபோது, கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எங்கள் அய்யனார் கோயில் புளியும் அன்றுதான் விழுந்தது. நான் போய்ப் பார்த்தபோது தூர் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றது. பிறகு லாரி வந்து அதையும் எடுத்துப்போனது.

கிடாவெட்டு இப்போதும் நடக்கிறது. கோயிலைச் சுற்றித் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். சமையலுக்கு ஆள் வைத்துவிட்டார்கள், பந்தியும் நாற்காலியும் வந்துவிட்டன. போன வருஷம் போயிருந்தேன். கறி வகிர்ந்தார்கள், கழுவினார்கள், அண்டாவில் போட்டார்கள். யாராவது கேட்பார்களா என்று காத்துக்கொண்டே நின்றேன். யாரும் கேட்கவில்லை. சுவரொட்டியும் மற்றக் கறியோடு குழம்புக்குள் போய்விட்டது. அன்று ஊரில் ஒரு பெண் பிள்ளை பெற்று இருபது நாள் ஆகியிருந்தது. கேட்க வேண்டிய வயது எனக்கு வந்துவிட்டது என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. அது இன்னும் என் மனத்தை அறுக்கிறது.

சிவாஜிநகரில் நாங்கள் கிளம்பும்போது பெரியவர் காசு வாங்கிக்கொண்டு, "கரியைச் சத்தத்துல கண்டுபிடிச்சீங்களே" என்றார். எங்கள் அய்யா சொல்லிக்கொடுத்தது என்றேன். வழியெல்லாம் மகனுக்கு மூட்டத்தைப் பற்றியும் சுவரொட்டியைப் பற்றியும் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் இரண்டையும் பார்த்ததில்லை. "அந்த மேலத்தெரு அத்தை இப்ப இருக்காங்களாப்பா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். இருக்கிறாள். அன்று பிறந்த பிள்ளை இன்று சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான்.

தணலில் சுட்டது எங்கே நன்றாக இருக்கும் என்று தேடிப்போய்ச் சாப்பிடுங்கள். அது நல்ல ஆசைதான். அதோடு இதையும் செய்யுங்கள். உங்கள் தெருவில் பிள்ளை பெற்றவள் யாராவது இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சுவரொட்டியைக் கேட்டு வாங்கி, சுட்டு, ஆறுவதற்குள் அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். விடியும்போதே போய்ச் சொல்லிவைக்க வேண்டும். ஒரு கிடாவுக்கு ஒன்றுதான் இருக்கும்.