வினிகர் வேண்டாம், வடிகட்டி போதும்

உடைத்து ஊற்றிய முட்டை வெந்நீரில் கந்தலாகப் பிரிந்தால், பெரும்பாலும் குறை கைப்பக்குவத்தில் இல்லை, முட்டையின் வயதில் இருக்கிறது. வெள்ளைக்கருவில் கெட்டிப் பகுதி, நீர்த்த பகுதி என இரண்டு உண்டு. நாளாக நாளாக நீர்த்தது கூடும். சிங்கப்பூர் பெரும்பாலான முட்டைகளை இறக்குமதி செய்கிறது. இங்கே தேக்கா சந்தையில் வாங்குவதும் அன்று இட்டதாக இருக்காது. ஆகவே சற்றுப் பெரிய வடிகட்டியில் உடைத்து, நீர்த்ததை வடியவிட்டு, கொதி அடங்கிய நீரில் மெல்ல இறக்கி மூன்று நான்கு நிமிடம் விடுவதே சிறந்த வழி. வினிகர் போதாதா என்பார்கள். அது வெள்ளையைச் சீக்கிரம் இறுக்கும், உண்மை, ஆனால் புளிப்பும் ஏறும்.

காப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை இருக்கையில் இது எதற்கு என்றும் கேட்கலாம். கறுப்பு சோயா சாஸும் வெள்ளை மிளகுத்தூளும் சேர்ந்த அது அருமையானதுதான். ஆனால் அதன் வெள்ளைக்கரு தளதளவென்றே நிற்கும். ரொட்டிமேல் எடுத்து வைக்க முடியாது. அடுத்த முறை வடிகட்டிப் பாருங்கள்.