பன்னிரண்டு மூச்சு

யோகாவில் எனக்கு முதல் நாளே கச்சிதமாக வந்த ஆசனம் சவாசனம். வராமல் எப்படி இருக்கும்? நாலு மாதமாக வீட்டில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். காலை பத்து மணி ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் படுத்தபடியே போனில் சேருவேன். கேமராவை அணைத்துவிட்டு, "நேத்து பண்ணினதையேதான் இன்னிக்கும் பண்றேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். அழுகை எதுவும் வரவில்லை. பல் விளக்குவது ஆறு மாத ப்ராஜெக்ட் மாதிரி தெரிந்தது, அவ்வளவுதான்.

மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். முழுசாக வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், நாமாக நிறுத்திவிடக்கூடாது என்றார். "கூடவே உடம்பை அசைக்கிற மாதிரி ஏதாவது பண்ணுங்க. நடையோ யோகாவோ, எதுவா இருந்தாலும் சரி." யோகா என்றதும் எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் சூரியோதயப் படங்கள்தான் ஞாபகம் வந்தன. ஆனால் மறுத்துப் பேசக்கூடத் தெம்பில்லாததால் போனேன்.

மந்தைவெளியில் ஒரு மாடி வீடு. டீச்சருக்கு அறுபது வயதிருக்கும். கிருஷ்ணமாச்சாரியார் வழியில் கற்றவர். அவருடைய மகன் தேசிகாச்சார்தான் 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கினார். தேசிகாச்சார் பொறியியல் படித்துவிட்டு யோகாவுக்கு வந்தவர் என்று பின்னால் தெரிந்தபோது எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம். ஆளுக்குத் தகுந்தபடி ஆசனத்தை மாற்று, ஆசனத்துக்காக ஆளை முறிக்காதே என்பதுதான் அந்த வழியின் சாரம்.

கண்ணை மூடி உட்கார வைப்பார் என்று நினைத்தேன். "வேண்டாம். கண்ணை மூடினா நீங்க எங்க போவீங்கன்னு தெரியும். திறந்தே வச்சுக்கோங்க" என்றார். நின்றபடி மூச்சை இழுக்கும்போது கைகளைத் தூக்க வேண்டும். விடும்போது இறக்க வேண்டும். மூச்சு முன்னால் கிளம்பணும், கை அதன் பின்னால் போகணும். பன்னிரண்டு முறை. முதல் வாரம் முழுக்க இதுதான். ஐந்தாவதிலேயே எண்ணிக்கை தவறிவிடும். "பரவாயில்ல, ஒண்ணுலேர்ந்து ஆரம்பிங்க" என்பார்.

ஒரு நாள் பன்னிரண்டும் தவறாமல் முடிந்தது. அந்த ஒன்றிரண்டு நிமிடங்கள் நான் என்னைத் திட்டவில்லை என்பது கீழே இறங்கி பைக்கை எடுக்கும்போதுதான் உறைத்தது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும். வேகஸ் நரம்பு அதில் பெரும்பங்கு வகிக்கிறது. வெளிமூச்சை நீட்டினால் உடம்பு கொஞ்சம் தணியும். மனசை "சரியாகு" என்று அதட்டி அது கேட்டதாகச் சரித்திரம் இல்லை. மூச்சு மட்டும் தானாகவும் ஓடும், நாம் சொன்னாலும் கேட்கும்.

பதஞ்சலியின் யோக சூத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் பாதத்தில் மனசைச் சிதறடிக்கும் தடைகளின் பட்டியல் ஒன்று வருகிறது. நோய், அடுத்ததாக மந்தம், சந்தேகம் என்று போகிறது. இவற்றோடு சேர்ந்து வருபவை நான்கு: துக்கம், தௌர்மனஸ்யம் என்கிற மனத்தளர்ச்சி, உடல் நடுக்கம், சீர்கெட்ட மூச்சு. எந்த டாக்டர் எழுதிய கேஸ் ஷீட் இது என்று தோன்றியது. சோம்பேறி என்று ஊரும் நானும் என்னைத் திட்டிக்கொண்டிருந்த விஷயத்தை, அந்த ஆள் நோய்க்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறார்.

மூன்றாவது மாதம் நன்றாகவே இருந்தேன். அதுதான் ஆபத்தாகப் போயிற்று. கோபியிலிருந்து அம்மா போன் செய்யும்போதெல்லாம், "ஏஞ்சாமி, யோகாதான் பண்றியே, அந்த மாத்திரைய இன்னும் எத்தன நாளைக்கு முழுங்குவே?" என்று கேட்கும். எனக்கும் உள்ளூர அதே கேள்வி. மாத்திரை இல்லாமல், மூச்சாலேயே மீண்டவன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு கிக் இருக்கிறதல்லவா. யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினேன்.

நாலைந்து நாளில் தலைக்குள் மின்சாரம் சுண்டுவது போல ஒரு வெட்டு. தலைசுற்றல், காரணமில்லாத எரிச்சல். மூன்றாவது வாரம் மறுபடியும் சுவர். யோகா மேட் கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்தது. ஒரு மத்தியானம் மொட்டைமாடிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. என்ன நினைத்தேனோ, சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். அன்று சாயங்காலமே வரச் சொன்னார்.

மாத்திரை மீண்டும் ஆரம்பமாயிற்று. குறைப்பதென்றால் படிப்படியாக, அவர் சொல்லும்போது என்று பேச்சு. டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னபோது தலையைத் தூக்க முடியவில்லை.

"நிறுத்தச் சொல்லி நான் சொன்னேனா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு இருபது வருஷமா பிரஷர். ஆசனமும் போடறேன், மாத்திரையும் போடறேன். இதுல என்ன வெட்கம்? எந்திரிங்க, கையைத் தூக்குங்க."

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. மோசமான நாட்கள் இப்போதும் வருகின்றன. அன்றைக்குப் பன்னிரண்டு வராது, மூன்றோடு நிறுத்திக்கொள்வேன். மூன்றும் கணக்குதான் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். அந்தச் சாவி இன்னும் அக்கா வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. துணி காயப்போட வேண்டுமானால் போய்க் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் லைனில் சத்தமே இல்லை. இப்போதெல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வரும். "சாப்புட்டியா"வுக்கு அடுத்த கேள்வி, "மாத்திர போட்டியா சாமி?"